பரணில் கிடக்கும் சரித்திரம்

போகி வந்தால் போதும், பரணைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று பழைய காகிதம் அத்தனையையும் நெருப்பில் போட்டுவிடுகிறோம். கொஞ்சம் பொறுங்கள், சகோதரிகளே!

புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை என்று ஒருவர் இருந்தார். பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்சுக்குத் துபாஷ். 1736லிருந்து 1761இல் கண்மூடும் வரை, கப்பல் வந்தது, புயல் அடித்தது, யாருக்கு யாரோடு சண்டை என்று தமிழில் எழுதிக்கொண்டே இருந்தார். கவர்னர் மனைவியைப் பற்றிய முணுமுணுப்புகூட உண்டு! வீட்டோடு கிடந்த அந்த நாட்குறிப்பு 1846இல்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. நடுவில் யாராவது போகி கொண்டாடியிருந்தால்?

நம் வீட்டுக்கு வருவோம். பழைய கிரயப் பத்திரத்தில் 'செக்குபந்தி' என்று நான்கு எல்லையும் இருக்கும். வடக்கே வாய்க்கால், கிழக்கே குளக்கரை என்றிருந்தால், இன்று பஸ் ஸ்டாண்டு இருக்கிற இடத்தில் அன்று தண்ணீர் நின்றது என்று அர்த்தம். மொய் நோட்டிலே தாத்தா காலத்து உறவெல்லாம் ஊர்ப் பெயரோடு வரிசையாக வரும். பெண்கள் பெயர்தான் அபூர்வம். பாட்டியின் பெயர் சீர் ஜாபிதாவில் அகப்பட்டால் உண்டு. அதை முதலில் எடுத்து வையுங்கள். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கம்பெனி காலத்து சர்க்கார் காகிதமெல்லாம் இருக்கிறது. உங்கள் பாட்டியின் ஜாபிதா அங்கே இருக்காது.

கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டாதீர்கள், பசை பழுத்துக் காகிதத்தைக் கெடுத்துவிடும். லாமினேஷனும் வேண்டாம். துவைத்த பருத்தித் துணியில் சுற்றி, ஈரம் படாத அலமாரியில் வைத்தால் போதும். போட்டோவில் இருப்பது யார் யார் என்று, பெரியவர்கள் இருக்கும்போதே ஒரு மத்தியானம் உட்கார்ந்து கேட்டு, பின்பக்கம் பென்சிலால் எழுதிவிடுங்கள்.