நன்கொடை கேட்போர் கணக்கோடு செல்க

வள்ளுவப் பெருந்தகை 'இரவு' என ஓர் அதிகாரம் வகுத்து, அதனை அடுத்தே 'இரவச்சம்' என மற்றோர் அதிகாரத்தையும் வைத்தார். கேட்கலாம் என்பதும் கேட்க அஞ்சுக என்பதும் அருகருகே நிற்பது முரண்போலத் தோன்றும். மானம் கெடாத இரவு வேறு, மானம் கெட வரும் இரவு வேறு எனப் பரிமேலழகர் அம்முரணைத் தீர்ப்பார். அது தனக்கென்று கேட்பாரைப் பற்றியது. பிறர்க்கென்று கேட்பாருடைய மானம் எதனைப் பொறுத்தது? ஏழை மாணவர் கல்வி நிதிக்கென்றும் ஆதரவற்றோர் இல்லத்திற்கென்றும் ஒரு கலைவிழாவையோ பட்டிமன்றத்தையோ அமைத்துக்கொண்டு, ரசீதுப் புத்தகமும் கையுமாகக் கடைத்தெருவில் இறங்கும் நம் மாணவச் செல்வங்களைக் காணுந்தோறும் இவ்வினா என்னுள் எழுகின்றது.

பிறர்க்காகக் கையேந்துதல் இழிவன்று. அலிகாரில் 1875இல் பள்ளியாகத் தோன்றி 1877இல் கல்லூரியாக உயர்ந்த நிறுவனத்திற்குப் பொருள் திரட்ட சர் சையது அகமது கான் ஏறாத வாயில் இல்லை. முதிய வயதில், அதன் பொருட்டு மேடையேறிப் பார்வையாளர் முன் நிற்கவும் அவர் தயங்கவில்லை. 'இத்தகைய பெரியவர் இவ்வாறு செய்யலாமா?' என்று முகம் சுளித்தோர் அன்றும் இருந்தனர். அந்தக் கல்லூரியே 1920இல் பல்கலைக்கழகமாயிற்று. தமிழுலகிற்கு வருவோமாயின், சீவக சிந்தாமணியை அச்சேற்ற முனைந்த உ. வே. சாமிநாதையர், நூல் வெளிவருமுன்பே பலரை அணுகிக் கையொப்பம் திரட்டினார். 1887இல் நூல் வெளிவந்தது. கையொப்பமிட்டவர் தம் பணம் எதற்குச் செல்கிறது என்பதை ஐயமற அறிந்திருந்தார். பணம் நூலாகித் திரும்பி வந்தது. இதனை நம் மாணவர் ஊன்றி நோக்க வேண்டும்.

வாயிலுக்கு வந்த புலவரை வெறுங்கையோடு அனுப்பாத சீதக்காதி வள்ளலைப் பற்றி மேடைதோறும் பேசுகிறோம். நன்று. ஆயின் இக்காலத்து அறப்பணிகள் பெரும்பாலும் ஒரு வள்ளலால் நடப்பவை அல்ல. பலசரக்குக் கடைக்காரரும் தையற்காரரும் ஆட்டோ ஓட்டுநரும் பத்தும் ஐம்பதுமாகக் கொடுப்பதில் நடப்பவை. வள்ளல் கணக்குக் கேட்பதில்லை. அவர் புகழோடு நிறைவெய்துவார். பத்து ரூபாய் கொடுப்பவர்க்கு மேடையும் இல்லை, பொன்னாடையும் இல்லை. தம் பணம் உரியவரைச் சென்றடைந்தது என்னும் மனநிறைவு ஒன்றே அவர்க்குக் கிட்டும் கைம்மாறு. அதனையும் நாம் பறித்துவிடலாகாது.

ஒருமுறை நிதி திரட்டச் சென்ற மாணவர் குழுவுடன் நானும் போயிருந்தேன். பாத்திரக் கடை முதலாளி ஒருவர் அறிக்கையை முழுதும் படித்துவிட்டு, "தம்பி, இதிலே பந்தலுக்கு எவ்வளவு, பிள்ளைகளுக்கு எவ்வளவு?" என்று கேட்டார். மாணவர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனர். அவர் சிரித்துக்கொண்டே நூறு ரூபாய் கொடுத்தனுப்பினார். நன்கொடை கேட்பாரிடம் கேட்கத்தக்க வினாக்களுள் இதனினும் சிறந்ததை நான் கேட்டதில்லை. 1,00,000 ரூபாய் திரட்டி, அதில் 60,000 ரூபாயை மேடைக்கும் ஒலிபெருக்கிக்கும் பதாகைக்கும் சிறப்பு விருந்தினர் வழிச்செலவிற்கும் செலவிட்டு, எஞ்சிய 40,000 ரூபாயை ஏழை மாணவர்க்கு வழங்குகிறோம் எனக் கொள்வோம். கொடுத்தவருடைய ஒவ்வொரு பத்து ரூபாயிலும் ஆறு ரூபாய் ஒரு மாலைப்பொழுதின் ஆரவாரத்தில் கரைந்தது என்பதே அதன் பொருள். இதனை முன்கூட்டியே சொல்லிக் கேட்டால் எத்தனை பேர் கொடுப்பர்?

நிகழ்ச்சியே வேண்டா என்று கூற வரவில்லை. ஊர் கூடும்போது கொடைமனமும் கூடுகிறது. ஒருவர் கொடுப்பதைக் கண்டு மற்றவரும் கொடுப்பர். ஆகவே நிகழ்ச்சிச் செலவை ஏற்பவர் வேறு, நிதிக்குக் கொடுப்பவர் வேறு என முதலிலேயே பிரித்துவிடுதல் வேண்டும். விழா மலர் விளம்பரத்தில் வரும் தொகை பந்தலுக்குப் போகட்டும். ரசீதில் வரும் தொகை முழுதும் மாணவர்க்கே போகட்டும். ஸகாத் பணத்தில் இன்னும் மிகுதியான கவனம் தேவை. அதனைப் பெறுதற்குரியோர் எட்டு வகையினர் எனத் திருக்குர்ஆன் வரையறுத்துள்ளது. திரட்டும் பணியாளரும் அவ்வெண்மருள் ஒருவர் என்பது, திரட்டுதலும் ஓர் உழைப்பே என்பதற்குச் சான்று. பந்தற்காரரும் ஒலிபெருக்கிக்காரரும் அப்பட்டியலில் இல்லை! ஸகாத்தை ஸதக்காவோடு கலந்து ஒரே பெட்டியில் இட்டுவிட்டுப் பின்னர்த் தடுமாறுவதினும், இரண்டு ரசீதுப் புத்தகங்கள் அச்சிடுதல் எளிது.

மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். வகுப்பிற்கு இத்தனை நுழைவுச்சீட்டு விற்றாக வேண்டும் என்று மாணவர் தலையில் சுமத்தும் வழக்கம் பல கல்வி நிலையங்களில் உண்டு. விற்க இயலாத மாணவன் தந்தையிடம் கேட்கிறான். கூலி வேலை செய்யும் அத்தந்தை, தம் மகனைப் போன்ற ஏழைகளுக்கென்று நடக்கும் விழாவுக்குக் கடன் வாங்கிச் சீட்டு வாங்குகிறார். இதனைக் கொடை என்று எந்த அகராதியும் கூறாது. 'இல்லை' என்று சொல்லும் உரிமை உள்ளவரிடம் கேட்பதே கேட்டல், மற்றது வரி.

இப்பொழுது கைப்பேசியில் கட்டம்போட்ட குறியீட்டுப் படத்தைக் காட்டினால் நொடியில் பணம் வந்து சேர்கிறது. வசதிதான். ஆயினும் நேரில் சென்று, பெயர் சொல்லி, நோக்கத்தை விளக்கி, மறுப்பையும் முகம் வாடாமல் ஏற்கும் பயிற்சி மாணவர்க்குப் பாடநூலில் கிடைப்பதன்று. எனவே கடைத்தெருவிற்கு அவர்கள் போகட்டும். போகுமுன் துறைத்தலைவர் அவர்களை அமரவைத்து, எதிர்பார்க்கும் தொகை, செலவு, பயன்பெறுவோர் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் மனப்பாடமாகச் சொல்லச் செய்யட்டும். விழா முடிந்து ஒரு திங்களுக்குள் வரவு செலவு அறிவிப்புப் பலகையில் ஏறட்டும். உதவி பெற்ற மாணவர் பெயர் அதில் வேண்டா, எண்ணிக்கை போதும். அதன் படி ஒன்றை அதே மாணவர்கள் அதே கடைகளுக்கு, இம்முறை ரசீதுப் புத்தகம் இன்றி, கொண்டுபோய்க் கொடுக்கட்டும். பாத்திரக் கடைக்கு முதலில் போகலாம்.