“தாங்கும்ங்க” என்று சொன்னால் நம்பாதீர்கள், பெருக்கிப் பாருங்கள்!

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டுக் கம்ப்யூட்டரில் புதிய கிராபிக்ஸ் கார்டு போட நினைப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

இந்த விடுமுறையில் மட்டும் என்னிடம் படித்த மூன்று பேர் ஒரே கேள்வி கேட்டுவிட்டார்கள். “டீச்சர், பையன் அனிமேஷன் படிக்கிறான், புதுக் கார்டு கேக்கறான். பழைய எஸ்.எம்.பி.எஸ். தாங்குமா?” ஒரு கடையில் “தாங்கும்ங்க, ஒண்ணும் ஆகாது” என்றார்களாம். இன்னொரு கடையில் “தாங்காதுங்க, 850 வாட் புதுசா வாங்கிருங்க” என்றார்களாம். இரண்டு இடத்திலும் பெட்டியைத் திறந்தே பார்க்கவில்லை. எனக்குப் பாதிக் கோபம் கடைக்காரர்கள் மேல். மீதிக் கோபம், டிகிரி முடித்துவிட்டு அதைக் கேட்டுத் தலையாட்டி வந்த உங்கள் மேல்.

நம்ம பக்கத்தில் கிணற்றுக்கு மோட்டார் வாங்குகிற விவசாயி இப்படி வாங்குவாரா? எத்தனை அடி ஆழம், எத்தனை எச்.பி., கேபிள் என்ன கனம் என்று கேட்காமல் பணத்தை எடுக்க மாட்டார். அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தில் ஆறு நீரேற்று நிலையங்கள் வைத்து பவானித் தண்ணீரை மேலேற்றி, 2024-ல் நம் குளங்களுக்குக் கொண்டுவந்தார்களே, “தாங்கும்ங்க” என்று சொல்லியா பம்பு வைத்தார்கள்? கணக்குப் போட்டார்கள்.

இங்கேயும் கணக்குதான். மின்திறன் என்பது மின்னழுத்தம் பெருக்கல் மின்னோட்டம். கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன்!

எஸ்.எம்.பி.எஸ். பக்கவாட்டில் ஒரு லேபிள் இருக்கும். பெரிய எழுத்தில் இருக்கும் 450, 500 எல்லாம் விளம்பரம். கீழே 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட் என்று கட்டம் போட்டிருக்கும். இன்றைய பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் எடுப்பது 12 வோல்ட்டில்தான். அதற்கு நேரே 18 ஆம்பியர் என்று இருந்தால், 12 × 18 = 216 வாட். அவ்வளவுதான் உங்கள் “450”. 12 வோல்ட் இரண்டு வரிசையாக இருந்தால் ஆம்பியரைக் கூட்டிவிடாதீர்கள். இரண்டுக்கும் சேர்த்த வாட் தனியாகப் போட்டிருக்கும், அதை எடுங்கள்.

இப்போது செலவு. ஆர்டிஎக்ஸ் 3060 கார்டுக்கு 170 வாட். நடுத்தரப் பிராசஸருக்கு 90, விசிறி, டிஸ்க் எல்லாம் சேர்த்து 30 என்று வையுங்கள். மொத்தம் 290. இருப்பு 216. “தாங்கும்ங்க” என்று சொன்னவர் எந்தப் பள்ளிக்கூடத்தில் கழித்தல் படித்தார்?

அதே 450 வாட் போட்ட தரமான ஒன்றில் 12 வோல்ட்டுக்கு 36 ஆம்பியர் இருக்கும். 432 வாட். அதில் ஐந்தில் நான்கு பங்கை மட்டும் நம்பினாலும் 345. நம் 290 அதற்குள் அடங்குகிறது. கார்டு கம்பெனி 550 வாட் கேட்கிறதே என்பீர்கள். எந்த வீட்டில் என்ன சப்ளை, எவ்வளவு பெரிய பிராசஸர் இருக்கும் என்று தெரியாமல் ஊருக்கெல்லாம் பொதுவாகச் சொல்லும் அளவு அது. புதிதாக வாங்குபவர் அதன்படி வாங்கட்டும். நல்லது ஒன்று வீட்டில் இருக்கும்போது, 850 வாங்கு என்று பயமுறுத்துவதும் கணக்குத் தெரியாத பேச்சுதான்.

“இத்தனை வருஷமா நல்லாத்தானே ஓடுது டீச்சர்?” ஓடியது பழைய சுமையில். மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது பல மடங்கு ஆம்பியர் இழுப்பது உங்களுக்குத் தெரியும். கார்டும் கண் இமைப்பதற்குள் தன் அளவைத் தாண்டி இழுக்கும். கேம் பாதியில் கம்ப்யூட்டர் அணைந்து திரும்ப எழுவது அதனாலும்தான். விண்டோஸை மாற்றிப் போட்டு அதற்கும் காசு வாங்குவார்கள், ஏமாறாதீர்கள்.

வயதையும் பாருங்கள். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் சூட்டில் காயும். 10 டிகிரி சூடு கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதி. தறி ஓடும் வீடுகளில் பஞ்சு போய் விசிறியை அடைக்கும். பேர் தெரியாத, ஏழெட்டு வருடப் பழசு என்றால் கணக்கே வேண்டாம், மாற்றுங்கள். கார்டுக்கான 8 பின் வயர் சப்ளையிலேயே இல்லையா? பெரிய கார்டுக்கு அது செய்யப்படவில்லை என்று அர்த்தம். மாற்று வயர் வாங்கிச் சொருகாதீர்கள், அது உருகும். எஸ்.எம்.பி.எஸ். டப்பாவை மட்டும் நீங்களாகப் பிரிக்க வேண்டாம். கரண்டை எடுத்த பிறகும் உள்ளே ஷாக் இருக்கும்.

உங்களில் பலர் பனியன் கம்பெனியில் ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த பணம் இது. சில ஆயிரம் மிச்சம் பிடிக்கப் போய்க் கார்டையும் போர்டையும் சேர்த்து எரிக்காதீர்கள். தேவையில்லாத 850-க்கும் அள்ளிக் கொடுக்காதீர்கள்.

இனிமேல் கேட்பவர்கள் லேபிளை போட்டோ எடுத்து, பெருக்கலையும் போட்டு அனுப்புங்கள். ஸ்டெப் இல்லாத கணக்குக்கு நான் அன்றைக்கும் மார்க் போட்டதில்லை.

அன்புடன்,
உங்கள் டீச்சர், அவிநாசி