பசிக்கு ஏது விடுமுறை?

கோடை விடுமுறை வந்தால், வசதி படைத்தோர் வீட்டில் மலைக்குப் போவதா, கடற்கரைக்குப் போவதா என்று பேச்சு நடக்கிறது. செங்கல் சூளையிலும் கட்டட வேலையிலும் உப்பளத்திலும் கூலி வாங்கும் தோழனின் குடிசையிலே பேச்சு வேறு. நாளை முதல் பிள்ளையின் பகல் சோற்றுக்கு என்ன வழி? பள்ளிக்கூடத்தின் கடைசி மணியோடு சத்துணவுக் கூடத்து அடுப்பும் அணைகிறது. அது மறுபடி எரிவது, பள்ளி திறக்கும்போதுதான்.

யாரோ மறந்துவிட்டதால் நேர்ந்த குறையா இது? இல்லை. சட்டமே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது!

2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஐந்தாவது பிரிவைப் படித்துப் பாருங்கள். ஆறு வயது முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும், ஒவ்வொரு நாளும் ஒருவேளைப் பகலுணவு விலையின்றித் தரவேண்டும் என்கிறது. நல்ல சட்டம், வரவேற்கிறோம். ஆனால் "ஒவ்வொரு நாளும்" என்று சொன்ன வாய், மூச்சு விடுவதற்குள் "பள்ளி விடுமுறை நாட்கள் நீங்கலாக" என்று சேர்த்துக்கொள்கிறது. இடுவதாகச் சொன்ன கை, அடுத்த சொல்லிலேயே இலையை எடுத்துவிடுகிறது.

அந்த ஒரு தொடரின் எடை என்ன? கல்வி உரிமைச் சட்டப்படி, ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரை பள்ளி நடக்கவேண்டியது குறைந்தது 200 நாட்கள். அந்தக் குறைந்த அளவோடு ஒரு பள்ளி நின்றுவிட்டால், எஞ்சிய 165 நாட்களும் பிள்ளையின் தட்டு காலி.

வேடிக்கை இன்னும் இருக்கிறது. அதே ஐந்தாவது பிரிவு, ஆறு வயதுவரை உள்ள குழந்தைக்கு அங்கன்வாடியில் உணவு தரச் சொல்கிறது. அங்கே விடுமுறை விலக்கு எழுதப்படவில்லை. அங்கன்வாடிக்கு வகுத்திருக்கும் அளவு ஆண்டுக்கு 300 நாட்கள். ஐந்து வயதில் 300 நாட்கள் பசிக்கிற வயிறு, பள்ளியில் பெயர் எழுதியதும் 200 நாட்கள் மட்டுமே பசிக்கும் என்று எந்த வைத்தியர் இவர்களுக்குச் சொன்னார்?

தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு ஒருவேளையில் 450 கலோரி, 12 கிராம் புரதம். மேல் வகுப்புப் பிள்ளைக்கு 700 கலோரி, 20 கிராம் புரதம். இதுவும் அதே சட்டம் வகுத்த அளவுதான். கோடையிலே நடப்பது என்ன? தாயும் தந்தையும் விடியுமுன் வேலைக்குப் போகிறார்கள். பிள்ளையின் கையில் ஐந்து ரூபாய் இருக்கிறது. அது பெட்டிக்கடையில் ஒரு பொட்டலமாகிறது. எண்ணெயும் உப்பும் வயிற்றை அடைக்கின்றன, புரதம் மட்டும் இல்லை. அந்த ஐந்து ரூபாயும் இல்லாத வீட்டுப் பிள்ளை, சோறு கிடைக்கும் என்று தேநீர்க் கடைக்கு எடுபிடி வேலைக்குப் போகிறான். அப்படிப் போனவர்களில், பள்ளி திறக்கும்போது திரும்பாதவனும் உண்டு.

"பள்ளி மூடியிருக்கையில் சோறு போடுவது எப்படி?" என்று கணக்குப் பார்ப்போர் கேட்கலாம். முடியும் என்பதற்கு இந்த நாட்டிலேயே சான்று உண்டு. 2004 ஏப்ரல் 20 அன்று, வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் பகலுணவு தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது, பிள்ளைகளின் பகலுணவு என்ன ஆயிற்று என்று அதே நீதிமன்றம் தானாகவே முன்வந்து கேட்டது. தமிழ்நாட்டில் அரிசியும் பருப்பும் முட்டையும் வீட்டுக்கே தரப்பட்டன. நோய்க்காகப் பள்ளி மூடினால் சோறு தர வழி பிறக்கிறது; வெயிலுக்காக மூடினால் மட்டும் வழி அடைபடுமோ?

மேல்நாடுகளும் இந்தக் கேள்வியைச் சந்தித்தன. டாலர் குவிந்த அமெரிக்காவிலும் பள்ளி மூடினால் பட்டினி கிடக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அங்கே 1968இல் சோதனையாகத் தொடங்கிய கோடைகால உணவுத் திட்டம், ஏழைகள் வாழும் பகுதிகளில் பூங்காவிலும் நூலகத்திலும்கூடச் சாப்பாடு தருகிறது. மாலையில் பள்ளி விட்டபின் தரும் உணவு, 2010ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடு முழுவதற்கும் விரிந்தது. 2024 முதல், கோடைக்கென்று ஏழைப் பிள்ளை ஒன்றுக்கு 120 டாலர் உணவுத் தொகையும் சேர்ந்தது. ஆனால் அயோவா போன்ற சில மாநிலங்கள் அந்த ஆண்டு அதை வேண்டாம் என்று தள்ளின. பணம் மேலே இருந்தும் மனம் நடுவிலே இல்லாவிட்டால், பிள்ளையின் தட்டுக்கு எதுவும் வந்து சேராது.

இங்கிலாந்தின் கதை நம் தோழர்கள் மனத்தில் வைக்கத்தக்கது. 2020 ஜூனில் மார்கஸ் ராஷ்ஃபோர்ட் என்ற இளம் கால்பந்து வீரர், தாமே பசியறிந்து வளர்ந்தவர், பாராளுமன்ற உறுப்பினர்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். கோடைக்கு உணவுச் சீட்டு தர மறுத்த அரசு, மறுநாளே இறங்கி வந்தது. அக்டோபரில் அடுத்த விடுமுறைகளுக்கும் கேட்ட தீர்மானத்தை 322க்கு 261 என்று பாராளுமன்றம் தோற்கடித்தது. மக்கள் கொதித்தார்கள். நவம்பரில் அரசு மீண்டும் இறங்கியது. 2021இல் விடுமுறை உணவும் விளையாட்டும் சேர்ந்த திட்டம் இங்கிலாந்து முழுவதற்கும் வந்தது. கேட்டதால் கிடைத்தது; விடாமல் கேட்டதால் நிலைத்தது.

கேட்பதில் நாம் யாருக்கும் இளைத்தவர்களல்ல. 1920இல் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் தியாகராயர் காலத்தில் தொடங்கிய பகலுணவு, 1956இல் காமராசர் ஆட்சியிலும், 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியிலும் விரிந்தது. 2022இல் மதுரையில் மு.க. ஸ்டாலின் காலை உணவைத் தொடங்கினார். ஒரு வேளை இரு வேளை ஆயிற்று. வேளையைக் கூட்டிய நாடு, நாளைக் கூட்டத் தயங்கலாமா?

இன்னொரு வயிறும் இதிலே இருக்கிறது. சமைக்கும் தாயின் வயிறு. சமையலருக்கு மத்திய சர்க்கார் 2009இல் வகுத்த மதிப்பூதியம் மாதம் ₹1,000. அதுவும் ஆண்டுக்குப் பத்து மாதங்களுக்கே. மாநிலங்கள் தம் பங்கைச் சேர்த்துத் தந்தாலும், மத்திய கணக்கில் இரண்டு மாதம் அவளுக்கும் பட்டினிதான். விடுமுறையில் அடுப்பு எரியட்டும்; ஆனால் ஊதியமின்றி அவள் உழைப்பை உறிஞ்சி எரியவேண்டாம். பன்னிரண்டு மாதக் கூலி, முறை வைத்து ஓய்வு. இரண்டும் அவள் உரிமை.

ஆகவே நம் கோரிக்கை மூன்று. சட்டத்திலுள்ள விடுமுறை விலக்கு நீங்கவேண்டும். அதுவரை, ஊருக்கு ஒரு சத்துணவுக் கூடமேனும் கோடையிலே திறந்திருக்க வேண்டும். கூடம் எட்டாத இடத்துக்கு அரிசியும் பருப்பும் முட்டையும் வீட்டுக்குச் செல்லவேண்டும். சமைப்பவருக்கு ஆண்டு முழுதும் ஊதியம் வேண்டும்.

மே முதல் நாள் உழைப்பாளர் திருநாள். அன்றே தமிழ்நாட்டில் கிராம சபையும் கூடுகிறது. கொடியேற்றியதும் வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள், தோழர்களே! சபைக்குச் செல்லுங்கள், இந்த மூன்றையும் தீர்மானமாக எழுதச் செய்யுங்கள். ஆயிரம் ஊர்களின் தீர்மானம் கோட்டைக்குப் போகட்டும். கோட்டையிலிருந்து டில்லிக்குப் போகட்டும்!