‘மாத்திடுங்க சார்’ என்னும் வைத்தியம்

காரின் டிக்கியில் வைக்கும் பாஸ் பெட்டி, கடைக்காரர் பாஷையில் சப்-வூஃபர், சத்தம் பத்தவில்லை என்று ஒரு கடையில் போய்ச் சொல்லிப் பாருங்கள். டிக்கியைத் திறப்பார்கள், பாட்டை ஒரு நிமிடம் போட்டுக் கேட்பார்கள், உதட்டைப் பிதுக்குவார்கள். பிறகு தீர்ப்பு வரும்: “ஆம்ப் வீக் சார். மாத்திடுங்க.” எந்த ஒயரையும் கழற்றிப் பார்த்திருக்க மாட்டார்கள். மீட்டர் என்று ஒரு கருவி அந்தக் கடையில் இருக்கிறதா என்பதே சந்தேகம்.

இதை நான் வைத்தியம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். நாடி பார்க்காமலே அறுவைச் சிகிச்சைக்குத் தேதி குறிக்கிற வேலை இது.

என் தங்கை மகனுக்கு இப்படித்தான் ஒரு எஸ்டிமேட் எழுதிக் கொடுத்தார்கள். சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் வேலை, கையில் வாங்குவது மாதம் 22,000 ரூபாய், அதில் கார் தவணையும் போகிறது. சீட்டில் இருந்தது இவ்வளவுதான்: புது ஆம்ப்ளிஃபையர் 9,800, பெரிய பாஸ் பெட்டி 7,500, ஒயர் 1,200, கூலி 1,000. ஆகமொத்தம் 19,500. ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம். பழைய சாமான்களை ஆறு மாதத்துக்கு முன் பொருத்திக் கொடுத்ததும் இதே கடைதான்.

முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்க அலுவலகத்தில் பில்களைச் சரிபார்த்து அனுப்பியவன் நான். ஒரு மின்விசிறியை மாற்ற வேண்டும் என்றால்கூட, பழையது ஏன் உதவாது என்று ஒருவர் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். அந்த ஒரு வரி இல்லாத பில் என் மேஜையைத் தாண்டியது கிடையாது. இந்தச் சீட்டில் தொகை இருக்கிறது, கூட்டல் சரியாக இருக்கிறது, காரணம் மட்டும் இல்லை. “எதனால் சத்தம் குறைவு என்று சொன்னார்களா?” என்று கேட்டேன். “அதான் மாமா, ஆம்ப் வீக்காம்” என்றான். வீக் என்பது காரணமா? ‘காய்ச்சல் வந்ததற்குக் காரணம் உடம்பு சுடுகிறது’ என்பது போலிருக்கிறது.

முதலில் இந்த வாட் கணக்கைப் பார்ப்போம், ஏனென்றால் ஏமாற்று அங்கேதான் தொடங்குகிறது. அவனிடம் இருந்த ஆம்ப்பின் மூடியில் பெரிய எழுத்தில் 1500 வாட் என்று அச்சடித்திருந்தது. பக்கவாட்டில் சொருகியிருந்த ஃபியூஸோ 30 ஆம்பியர். கார் ஓடும்போது பாட்டரியில் சுமார் 13.8 வோல்ட் இருக்கும். 30-ஐ 13.8-ஆல் பெருக்கினால் 414 வாட். அந்தப் பெட்டிக்குள் தொடர்ந்து நுழையக்கூடிய மொத்த மின்சாரமே அவ்வளவுதான். அதிலும் ஒரு பங்கு சூடாகப் போய்விடும். நல்ல டி-வகுப்பு ஆம்ப் என்றாலும் எண்பது சதவீதம் வெளியே வந்தால் பெரிது. ஆக, 330 வாட். வரவு 414 ரூபாய் உள்ள வீட்டில் செலவு 1,500 என்று கணக்கு எழுதினால் எந்தத் தணிக்கையாளர் விடுவார்? அதே ஆம்ப்பின் அடியில், கண்ணாடி போட்டுப் படிக்க வேண்டிய எழுத்தில், உண்மை இருந்தது: 2 ஓமில் 300 வாட், 4 ஓமில் 160 வாட். 8 ஓமைப் பற்றிப் பேச்சே இல்லை. இந்த வரியை ஞாபகத்தில் வையுங்கள், வழக்கே இதில்தான் இருக்கிறது.

இரண்டாவது கணக்கு காதைப் பற்றியது. வாட்டை இரண்டு மடங்காக்கினால் சத்தம் இரண்டு மடங்காகும் என்று வாடிக்கையாளர் நம்புகிறார், கடைக்காரர் அந்த நம்பிக்கையைக் கெடுப்பதில்லை. உண்மையில் வாட் இரண்டு மடங்கானால் கூடுவது 3 டெசிபெல். ‘கொஞ்சம் கூடியிருக்கிறது போல’ என்று தோன்றும், அவ்வளவே. 10 டெசிபெல் கூட வேண்டும் என்றால் வாட் பத்து மடங்காக வேண்டும். தவிர, தாழ்ந்த சுருதி விஷயத்தில் மனிதக் காது இயற்கையிலேயே மந்தம். அமெரிக்காவில் ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-இலேயே இதை அளந்து வரைபடமாகப் போட்டுவிட்டார்கள். வால்யூமைக் குறைத்தால் முதலில் காணாமல் போவது பாஸ்தான். மெதுவாகப் பாட்டு வைத்துக்கொண்டு ‘பாஸ் இல்லை’ என்று குறைப்பட்டால் அதில் பாதிக் குற்றம் காதினுடையது. எந்தக் கடையும் இதைச் சொல்லாது.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். இலக்கணமும் திக்தேயும் போக எங்களுக்கு அடித்துச் சொல்லிக் கொடுத்த ஒரு விஷயம், தெகார்த் 1637-இல் எழுதிய முறையைப் பற்றிய நூலின் நான்கு விதிகள். கண்ணுக்குத் தெளிவாகாததை உண்மை என்று ஏற்காதே. சிக்கலைச் சிறு பகுதிகளாகப் பிரி. எளிதிலிருந்து தொடங்கிக் கடினத்துக்குப் போ. எதையும் விடாமல் எண்ணிச் சரிபார். அந்த வயதில் இது எதற்கு உதவும் என்று புரியவில்லை. பாஸ் பெட்டிக்கு உதவும் என்று அந்த ஆசிரியரும் நினைத்திருக்க மாட்டார். இன்னொன்று: பிரெஞ்சில் சப்-வூஃபருக்குப் பெயர் ‘கேசோன் த பாஸ்’. பாஸ் பெட்டி என்று அர்த்தம். நம் ஊர்ப் பையன்களும் பாஸ் பெட்டி என்றுதான் சொல்கிறார்கள். இரண்டு பாஷையும் பெட்டியைத்தான் முன்னால் நிறுத்துகின்றன, வாட்டை அல்ல!

ஆகவே எளிதிலிருந்து தொடங்கச் சொன்னேன். ஸ்டீரியோவின் மெனுவில் சப்-வூஃபர் ‘ஆன்’ என்று இருக்கிறதா, அதன் லெவல் சுழியத்துக்குக் கீழே கிடக்கிறதா. இருந்தது, கிடக்கவில்லை, சரி. ஆம்ப்பில் ‘லோ பாஸ்’ திருகு எங்கே நிற்கிறது. 80 ஹெர்ட்ஸ் பக்கம், அதுவும் சரி. கெயின் திருகு கடைசி வரை முறுக்கப்பட்டிருந்தது, பக்கத்தில் பாஸ் பூஸ்ட்டும் முழுசாக. இதைக் கண்டதும் எனக்குக் கோபம் வந்தது. கெயின் என்பது வால்யூம் இல்லை. ஸ்டீரியோவிலிருந்து வரும் சிக்னலின் அளவுக்கு ஆம்ப்பை ஒத்துப்போக வைக்கும் திருகு அது. அதை முழுதும் திருகினால் அலையின் தலை வெட்டுப்பட்டு ஆம்ப் கரகரக்கும், ஸ்பீக்கர் காயில் சூடேறும், ஒரு நாள் வார்னிஷ் கருகும் வாசனை வரும். அப்புறம் அதையும் ‘மாத்திடுங்க’. சத்தம் குறைவு என்று புகார் வந்தபோதெல்லாம் அந்தக் கடைப் பையன் செய்த ஒரே சிகிச்சை இந்தத் திருகு என்று தெரிந்தது.

அடுத்து எர்த். ஆம்ப்பின் மைனஸ் ஒயரை டிக்கியின் அடியில் பெயின்ட்டின் மேலேயே ஸ்க்ரூ போட்டு முறுக்கியிருந்தார்கள். பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது. ஸ்க்ரூவின் மரை மட்டும் ஏதோ தொட்டுக்கொண்டிருந்தது. பாட்டு ஓடும்போது மீட்டர் வைத்தால் பாட்டரியில் 13.6, ஆம்ப்பின் முனையில் 11.9. இடையில் 1.7 வோல்ட் வழியிலேயே செலவு. பத்து ரூபாய் உப்புக்காகிதத்தால் இரும்பு பளிச்சென்று தெரியும் வரை தேய்த்து, வாஷர் போட்டு இறுக்கினான். 13.2-க்கு வந்தது.

இனி முக்கியமான இடம். இந்த ஸ்பீக்கருக்குள் ஒன்றல்ல, இரண்டு காயில்கள், ஒவ்வொன்றும் 4 ஓம். இரண்டையும் சங்கிலி போல ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால் 8 ஓம். பக்கம் பக்கமாக, பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் சேர்த்தால் 2 ஓம். ஆம்ப் ஒயரைக் கழற்றிவிட்டு மீட்டர் வைத்தோம்: 7 காட்டியது. (4 ஓம் காயிலை மீட்டரில் பார்த்தால் மூன்றரை அளவில்தான் இருக்கும், ஆகவே 7 என்றால் சங்கிலி.) அதாவது 2 ஓமில் 300 வாட் கொடுக்கக்கூடிய ஆம்ப்பை 8 ஓமில் கட்டியிருக்கிறார்கள். ஓம் நான்கு மடங்கானால் வாட் ஏறக்குறைய நான்கில் ஒன்று. 300 வாட்டுக்குப் பணம் வாங்கிக்கொண்டு 75, 80 வாட்டைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். டெசிபெல்லில் சொன்னால் 6 போச்சு. இப்போது அந்த எஸ்டிமேட்டுக்கு வாருங்கள். இரண்டு மடங்கு வாட் உள்ள புது ஆம்ப்பை வாங்கி அதே சங்கிலியில் மாட்டினால் கிடைப்பது 3 டெசிபெல், விலை 9,800. இரண்டு துண்டு ஒயரை இடம் மாற்றினால் கிடைப்பது 6 டெசிபெல், விலை பூஜ்யம். ஆம்ப் வீக் என்றார்களே, வீக் எது?

ஒரு எச்சரிக்கை சொல்லிவிடுகிறேன். எல்லா ஆம்ப்பும் 2 ஓமைத் தாங்காது. நான்கு சானல் ஆம்ப்பில் இரண்டைச் சேர்த்து ‘பிரிட்ஜ்’ செய்திருந்தால் பெரும்பாலும் 4 ஓமுக்குக் கீழே போகக் கூடாது. அடியில் உள்ள பொடி எழுத்தைப் படித்த பிறகே கை வையுங்கள். பிளஸ் மைனஸ் விஷயத்திலும் கவனம்: ஒரு காயிலை நேராகவும் மற்றொன்றைத் தலைகீழாகவும் சேர்த்துவிட்டால் ஒன்று முன்னே தள்ள மற்றது பின்னே இழுக்கும், சத்தமே எழும்பாது. மீட்டர் இதைக் காட்டிக்கொடுக்காது, எண் சரியாகவே வரும். சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் ஒன்றரை வோல்ட் பாட்டரி காட்டும். பிளஸ்ஸைப் பிளஸ்ஸில் ஒரு கணம் தொட்டால் கூம்பு வெளியே நகர வேண்டும். அசையாமல் நின்றால் இரண்டும் சண்டை போடுகின்றன.

கடைசியாக ஒன்று. பாஸ் பெட்டியும் கதவு ஸ்பீக்கர்களும் 80 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரே சுரத்தைச் சேர்ந்து ஒலிக்கின்றன. ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுத்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். டிக்கியில் குனிந்து கேட்டால் நன்றாக இருக்கும், ஓட்டுநர் இருக்கையில் ஒன்றும் இருக்காது. இதற்கு ஆம்ப்பிலேயே ‘ஃபேஸ்’ என்று ஒரு சின்ன சுவிட்ச். ஒருவர் முன்னால் உட்கார்ந்து கேட்க, இன்னொருவர் பின்னால் அதை மாற்ற, எது கனமாகக் கேட்கிறதோ அதிலேயே விட்டுவிட வேண்டியது. எங்கள் வண்டியில் மாற்றியதும் வித்தியாசம் தெரிந்தது. நான் முன் இருக்கையில் இருந்தேன். நாதஸ்வரக் கச்சேரி ஒன்றைப் போடச் சொல்லியிருந்தேன். அதுவரை ஊமையாக இருந்த தவிலின் தொப்பி அடி அப்போதுதான் நெஞ்சில் வந்து விழுந்தது.

நேரம் ஒன்றரை மணி. செலவு பத்து ரூபாய், அந்த உப்புக்காகிதம்.

கடைக்காரர்கள் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு, மறுக்கவில்லை. “ஒன்றரை மணி நேரம் குனிந்து பார்த்தால் எனக்கு யார் கூலி கொடுப்பார்கள்? சாமான் விற்றால்தான் லாபம்” என்பார்கள். வாஸ்தவம். நம் ஜனங்களும் அப்படித்தான். கையில் ஒரு பெட்டி வந்தால் பத்தாயிரம் கொடுப்பார்கள். ‘பார்த்ததற்கு’ ஐந்நூறு கேட்டால் சண்டைக்கு வருவார்கள். டாக்டருக்கு மருந்துக்குத் தனி, பார்த்ததற்குத் தனி என்று கொடுக்கத் தெரிந்தவர்களுக்கு மெக்கானிக்கிடம் மட்டும் அது தெரியாமல் போகிறது. பார்க்கும் கூலி 500 ரூபாய் என்று எந்தக் கடை போர்டு எழுதி மாட்டுகிறதோ அங்கே நானே என் மருமகனை அனுப்பி வைக்கிறேன். ஆனால் பார்க்காமலே தீர்ப்புச் சொல்வதற்கு இந்த நியாயம் பொருந்தாது. பார்க்க நேரமில்லை என்றால் ‘தெரியாது’ என்று சொல்லலாமே. அதற்குக் கூலி எதற்கு?

சிலர் கேட்கலாம், ரோட்டையே அதிர வைக்கும் இந்தப் பையன்களுக்கு ஏன் வக்காலத்து என்று. இரவு பத்துக்கு மேல் தெருவில் அலற வைப்பதற்கு எதிராக 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இருக்கின்றன, தாராளமாகப் புகார் கொடுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தன் வண்டிக்குள் கேட்பவனிடம் 19,500 ரூபாய் பிடுங்குவது வேறு விஷயம்.

மறுநாள் மருமகன் அந்தக் கடைக்குப் போய், ஏன் 8 ஓமில் கட்டினீர்கள் என்று கேட்டிருக்கிறான். சண்டை போடவில்லை, கேட்டான். “நாங்க எல்லா வண்டிக்கும் இப்படித்தான் தம்பி போடுவோம், அதான் சேஃப்டி” என்று பதில் வந்ததாம். எல்லா வண்டிக்கும்! ஆம்ப் எதுவானாலும், அடியில் என்ன எழுதியிருந்தாலும், ஒரே கட்டு. உங்கள் வண்டியிலும் இரட்டைக் காயில் பாஸ் பெட்டி இருந்து, சத்தம் பத்தவில்லை என்று யாராவது எஸ்டிமேட் எழுதிக் கொடுத்திருந்தால், முன்பணம் கொடுக்கும் முன் ஆம்ப் ஒயரைக் கழற்றி மீட்டரை வைத்துப் பாருங்கள். சாதாரண மீட்டர் 300 ரூபாய்க்குக் கிடைக்கிறது. 7 என்று காட்டினால் அந்தச் சீட்டை எனக்கு அனுப்புங்கள். அந்தக் கடை எத்தனை வண்டிக்குச் சங்கிலி போட்டிருக்கிறது என்று ஒரு கணக்கு வைத்துக்கொள்ள ஆசை.