பழத்தைத் தின்போம், வேரை விடுவோம்

காட்டுப்பழம் பற்றிப் பேச்செடுத்தாலே எங்கட வீடுகளில் ஒரு கேள்வி வரும்: "அது எந்த வருத்தத்துக்கு நல்லது?" நாவலா, சீனி வருத்தத்துக்கு. வில்வமா, வயிற்றுக்கு. நெல்லியா, தலைமுடி தொடங்கி எல்லாத்துக்கும். இந்தக் கேள்வி எங்களுக்குப் பிடிக்கவில்லை. பழம் என்றால் முதலில் அது சாப்பாடு.

பல்லேபொல இருப்பது இடைவலயத்தில். ஈரவலயத்து மரங்களும் உலர்வலயத்து மரங்களும் மாத்தளை மாவட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். நெல்லி, நாவல், விளா, வில்வம், மொற எல்லாம் உண்டு. மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குப் போகிற ஏ9 வீதியோரம் சீசனில் கல்சியம்பலா விற்பார்கள். வெல்வெட் துணி மாதிரித் தோல், உடைத்தால் புளிப்பும் இனிப்புமாக மெல்லிய சதை. இலங்கையைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வளராத மரம் அது.

சத்தைப் பற்றிப் பேசுவதென்றால் சரியாகப் பேசுவோம். 100 கிராம் நெல்லியில் 600 மில்லிகிராம் விட்டமின் சி என்று பழைய இந்திய அட்டவணை சொன்னது. வாட்ஸ்அப்பில் இன்றைக்கும் ஓடுவது அந்த எண்தான். 2017இல் வந்த புதிய அட்டவணையில் அது சுமார் 250. பாதிக்கும் குறைவு! ஆனாலும் பாருங்க, தோடம்பழத்தில் 50 சொச்சம், காசு கொடுத்து வாங்குகிற இறக்குமதி அப்பிளில் 5கூட இல்லை. உண்மையான எண்ணே போதும், ஊதிப் பெருப்பிக்கத் தேவையில்லை.

மருந்துப் பெயர் எடுத்த செடிக்கு என்ன நடக்கும் என்பதற்குக் கொத்தலஹிம்புட்டு ஒரு பாடம். அதன் பழம் காட்டில் பறித்துத் தின்கிற சாதாரணப் பழம். மருந்தோ வேரிலும் தண்டிலும் இருக்கிறது. மரத்தில் குடைந்த கோப்பையில் இரவு தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடிப்பது பழைய வழக்கம். 1997இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதிலிருந்து சலசினோல் என்ற பொருளைப் பிரித்தார்கள். மாப்பொருளைச் சீனியாக உடைக்கும் நொதியைக் குடலிலேயே அது தடுக்கிறது. 2005இல் வெளியான இலங்கை ஆய்வொன்றில், அந்தத் தேநீரை மூன்று மாதம் குடித்த நோயாளிகளின் சீனி அளவு ஓரளவு குறைந்திருந்தது. எனவே இது வெறும் நம்பிக்கை இல்லை. (ஏற்கெனவே குளிசை போடுகிறவர்கள் டொக்டரிடம் சொல்லாமல் குடிக்க வேண்டாம், சீனி அளவுக்கு மீறி இறங்கலாம்.)

பிரச்சினை வேறு இடத்தில். பழத்தைப் பறித்தால் கொடி நிற்கும், அடுத்த வருசமும் காய்க்கும். வேரைத் தோண்டினால் அதோடு கதை முடிஞ்சுது. ஒரு செடியை "மருந்து, மருந்து" என்று நாங்கள் எவ்வளவு பரப்புகிறோமோ, அவ்வளவுக்கு மண்வெட்டியும் காட்டுக்குள் போகிறது.

பழமென்றால் மரம் தப்பிவிடும் என்றும் இல்லை. கல்சியம்பலா உயரமான மரம். ஏறி ஒவ்வொரு கொத்தாகப் பறிப்பதைவிடக் கொப்பை வெட்டி விழுத்துவது சுலபம். மொறவுக்கும் இதே கதிதான். விற்கிறவரை மட்டும் குறை சொல்ல முடியாது, சீசன் சில வாரம்தான், அந்தக் காசில் அவருக்கு ஒரு வீடு ஓட வேண்டும். வாங்குகிற நாங்கள் பேரம் பேசப் பேச, அவர் கத்தியைத்தான் எடுப்பார்.

அடுத்த முறை அந்த வீதியில் வான் நிற்கும்போது, "அண்ணே, கொப்பு வெட்டினதா, பறிச்சதா?" என்று கேளுங்கள். பறித்ததென்றால் கேட்ட விலையைக் கொடுங்கள்.