காரணப்பெயரும் கட்டுக்கதையும்

அண்மையில் பரிசு பெற்ற ஒரு கட்டுரையும், அதைக் கொண்டாடி வேறோர் இதழ் வெளியிட்ட சிறப்புப் பகுதியும் துலிப் மலரின் பெயரை வைத்துப் பெரிய கோட்பாடு ஒன்றை எழுப்பியிருக்கின்றன. சுல்தான் சுலைமானிடம் சென்ற ஹாப்ஸ்பர்க் தூதர் பஸ்பெக், ஒருவரின் தலைப்பாகையில் செருகியிருந்த பூவைச் சுட்டி என்னவென்று கேட்டாராம். பாகையைத்தான் கேட்கிறார் என்றெண்ணி அவர் ‘துல்பெந்த்’ என்றாராம். துருக்கியரின் லாலே ஐரோப்பாவில் துலிப் ஆனது இந்தப் பிழையால். மேற்கு கிழக்கை அறிந்ததெல்லாம் இப்பிழையின் நீட்சி என்பது வாதம். முடிவை நாம் மறுக்கவில்லை. கீழைத்தேயவியல் குறித்து இவ்விதழ் தொடக்கம்முதல் பேசியே வந்திருக்கிறது. அந்த முடிவைத் தாங்க நிறுத்திய சான்று பொய்க்கால் என்பதே நம் புகார்.

பஸ்பெக்கின் கடிதத்தில் அப்படியொரு காட்சியே இல்லை. எதிர்னேயிலிருந்து இஸ்தான்புல் போகும் வழியில் நார்சிசஸ், ஹையசிந்த் மலர்களோடு துருக்கியர் துலிப்பான் என்றழைக்கும் பூவையும் கண்டதாக எழுதுகிறார், அவ்வளவுதான். அதையும் நடுக்குளிர்காலத்தில் கண்டதாகச் சொல்கிறார். துலிப்போ வசந்தத்தின் மலர். பின்னாளில் நினைவிலிருந்து திருத்தி எழுதிய கடிதம் என்று ஆய்வாளர்கள் ஐயுறுவது இதனால்தான். அது அச்சேறியது 1581இல். இயற்கையியலாளர் கொன்ராட் கெஸ்னர் 1559 ஏப்ரலிலேயே ஆக்ஸ்பர்க் நகரத் தோட்டமொன்றில் இம்மலரைப் பார்த்துவிட்டார். செந்நிறம், அல்லியைப் போன்ற தோற்றம், வெளியே நான்கும் உள்ளே நான்குமாக எட்டு இதழ்கள், சீக்கிரமே மறைந்துவிடும் மென்மையான மணம் என்று அவர் எழுதிய குறிப்பு 1561இல் துலிப்பா என்ற பெயரோடு வெளிவந்தது. பஸ்பெக் வாய்மொழியாகப் பரப்பியிருக்கலாமே என்பார்கள். பரப்பியிருக்கலாம், ஆனால் கெஸ்னர் விதை வந்த இடமாகச் சொல்வது கான்ஸ்டான்டிநோபிளையோ கப்பதோக்கியாவையோதான், தூதரை அல்ல. பாகைத் துணியைக் குறிக்கும் பாரசீகச் சொல்லோடு இப்பெயருக்கு உறவுண்டு என்பது பெரும்பாலோர் ஏற்பது. அந்த உறவு வடிவ ஒப்புமையால் வந்திருக்கலாம், பாகையில் பூச்சூடும் வழக்கத்தால் வந்திருக்கலாம். ஒரு தூதரின் செவிப்பிழை அதற்குத் தேவையே இல்லை.

மீட்கப்பட வேண்டிய தூய பெயராக லாலேயை முன்வைப்பதும் நிற்காது. பாரசீகக் கவிதையில் நெஞ்சில் கருந்தழும்போடு எரியும் லாலே பல இடங்களில் காட்டுக் கசகசாப் பூவாகவும் இருக்கக்கூடும். ஒரே இனத்துக்குப் பட்டயம் எழுதிக்கொடுத்த பெயரல்ல அது. நார்சிசஸின் கதையும் இத்தகையதே. அழகன் ஒருவன் பூவானான் என்ற கதை பரவலாக வழங்கிய காலத்திலேயே, பெயர் வந்தது மரத்துப்போதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்துதான், கதைச் சிறுவனிடமிருந்து அல்ல என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி மறுத்தார். இன்றைய மொழியியலாளர் அவர் விளக்கத்தையும் ஏற்பதில்லை. காரணப்பெயர், இடுகுறிப்பெயர் என்று நம் இலக்கணிகள் பிரித்ததோடு நில்லாமல், சொற்பொருளின் காரணம் எளிதில் புலப்படாது என்று தொல்காப்பிய உரியியல் எச்சரிக்கவும் செய்தது. சொல்லுக்கும் பொருளுக்கும் இயல்பான தொடர்பில்லை என்ற மொழியியலாளர் சொஸ்யூரை மேற்கோள் காட்டத் தெரிந்தவர்கள் இதை மறந்துவிட்டு எந்தப் பெயருக்கும் ஒரு காரணக்கதை தேடுகிறார்கள்.

பின்னால் கற்பித்த காரணத்துக்கு வரலாற்று மதிப்பே இல்லையா என்று கேட்டால், உண்டு. அரபு எழுத்தில் லாலே, அல்லா, ஹிலால் மூன்றும் ஒரே எழுத்துகளால் ஆனவை. எழுத்துகளுக்கு எண்மதிப்பு தரும் அப்ஜத் கணக்கில் மூன்றுக்கும் 66. இந்த ஒற்றுமையால் பெயர் பிறக்கவில்லை. ஆனால் இதை நம்பியவர்கள் அம்மலரைப் பள்ளிவாசல் ஓடுகளில் தீட்டினார்கள். அந்த நம்பிக்கையின் தடம் இன்றும் கண்முன் நிற்கிறது. தூதர் கதைக்கு அத்தகைய தடயம் எதையும் அக்கட்டுரை காட்டவில்லை. உதுமானிய வரலாற்றில் 1718 முதல் 1730 வரையான காலத்துக்கு ‘லாலே யுகம்’ என்று பெயர் சூட்டியதும் 20ஆம் நூற்றாண்டுத் துருக்கி எழுத்தாளர்களே. அப்பெயரை அக்காலத்தவரே இட்டதாக எழுதியிருக்கும் அந்தக் கட்டுரையை நடுவர்கள் எந்த நூலோடும் ஒப்பிட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை. கோட்பாடு நம் பக்கம் இருக்கிறது என்பதற்காகச் சான்றைச் சோதிக்காமல் விடும் இந்தப் பழக்கம் பத்திரிகைகளில் வேரூன்றிவருகிறது. அடுத்த இதழிலிருந்து சொற்பிறப்புக் கட்டுரைகளுக்கு மூலநூலின் பக்கத்தையும் ஆண்டையும் கேட்டு வாங்கிய பிறகே அச்சுக்கு அனுப்புவோம்.