விடையின்றி விடப்படும் மூன்றாம் வினா

மார்பக அறுவைக்குப் பின் ஒரு பெண்ணின் வாழ்க்கைத் தரம் எவ்வாறு உள்ளது என்பதை அறிய ஆய்வாளர்கள் பரவலாக நாடுவது ஐரோப்பியப் புற்றுநோய் ஆய்வு அமைப்பான இ.ஓ.ஆர்.டி.சி. 1996-இல் வெளியிட்ட 23 வினாக்களை. உடல் தோற்றத்துக்கு அவற்றுள் நான்கே இடம். கவர்ச்சி குறைந்ததாகத் தோன்றியதா, பெண்மை குறைந்ததாகத் தோன்றியதா, ஆடையின்றித் தன்னைப் பார்ப்பது கடினமாக இருந்ததா, உடல்மீது அதிருப்தி உண்டா? கடந்த ஒரு வாரத்தை எண்ணி விடையளிக்க வேண்டும். முடிவில் 0 முதல் 100 வரை ஒரு மதிப்பெண்.

திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றைச் சேர்ந்த பெண்ணின் கையில் இத்தாள் கிடைப்பதாகக் கொள்ளலாம். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம். மாமியாரும் பிள்ளைகளும் உடனிருக்கும் சிறு வீட்டில், ஆடையின்றிக் கண்ணாடி முன் நிற்கும் தனிமை அவளுக்கு வாய்ப்பதே அரிது. வினாவைப் படித்துச் சொல்பவன் மகனாக இருந்துவிட்டால் பேச்சே இல்லை. மூன்றாம் கட்டம் வெறுமையாகவே நிற்கும்.

அதன்பின் நிகழ்வதுதான் கவனத்துக்குரியது. பாதி வினாக்களுக்கேனும் விடை இருந்தால், விடுபட்டதை மற்றவற்றின் சராசரியால் நிரப்பலாம் என்கிறது மதிப்பீட்டுக் கையேடு. கவனப்பிசகால் விடுபட்ட விடைக்கு இது பொருந்தும். கூச்சத்தால் விடுபட்டதற்கு எப்படிப் பொருந்தும்? சொல்ல இயலாத ஒன்றை, சொல்ல முடிந்தவற்றின் அளவுக்கே கணக்கு குறுக்கிவிடுகிறது. மார்பகத்தை முழுதும் அகற்றுவதா, இயன்றவரை காப்பதா என்னும் ஒப்பீடுகளுக்குள் நுழைவதும் இவ்வெண்களே.

அவளது துயரோ வேறு இடங்களில் இருக்கிறது. ஒருபுறம் தொங்கும் ரவிக்கை, தையற்காரரிடம் புது அளவு சொல்ல வேண்டிய சங்கடம், நெரிசலான பேருந்தில் மார்பின் குறுக்கே தானாக எழும் கை, கல்யாணப் பந்தியில் குனிந்து பரிமாற மறுத்து ஒதுங்கி நிற்றல். 2009-இல் வெளியான பிரெஸ்ட்-க்யூ, பெண்களிடம் பேசிய பின்னரே உருவாக்கப்பட்டது. உடை பொருந்துவது பற்றியும் அது கேட்கிறது. நல்ல முன்னேற்றமே. ஆயினும் அந்த உரையாடல்கள் நடந்தது வட அமெரிக்காவில். அங்கே முந்தானை இல்லை.

மொழிபெயர்ப்பைச் சரிபார்ப்பது மட்டும் இதைத் தீர்க்காது. தனியறையில், ஒரு பெண் கேட்க வேண்டும். ரவிக்கையைப் பற்றியும் பந்தியைப் பற்றியும் கேட்க வேண்டும். அதற்கு ஆளும் காலமும் தேவை என்பது நியாயமான தடையே. ஆனால் மூன்றாம் வினாவை எத்தனை பேர் விட்டுச்சென்றனர் என்பதை ஆய்வறிக்கையின் அட்டவணையில் தனி வரியாக அச்சிடச் செலவு ஏதுமில்லை.